கோடு நனைஞ்சா காய்ச்சலாம்

அட, குடிம்மா, அது வெறும் தண்ணிதான். டியூட்டியில இருக்கேன்னு நீ சொன்னப்பவே பீர் ஜாடியை அந்தாண்ட நகர்த்திட்டேனே. தண்ணியை அளக்க வந்தவளுக்குத் தண்ணி குடுக்குறதுல லஞ்சம் கிஞ்சம் ஒண்ணும் வராதுல்ல? வராது. குடி. ஊத்துலேர்ந்து நேரா குழாய்க்கு வர்றது, பல்லு கூசும்.

நான் நீ, வா, போன்னு பேசுறேனேன்னு பாக்காத. வாசல்ல நட்சத்திரம் தொங்கவிட்டுப் பீர் ஊத்துற வீடு இது. இந்தக் கூரைக்குக் கீழ எல்லாரும் நீதான். ஜட்ஜு வந்து உக்காந்தாலும் நீ, சாணி அள்ளுறவன் வந்து உக்காந்தாலும் நீ. புதுசா வந்த பாதிரியார் ஒருத்தர் மட்டும் கொஞ்சம் முறைச்சாரு. ரெண்டாவது ஜாடியில அவரும் இறங்கி வந்துட்டாரு. என் பேரு சென்சி. உன் பேரு? ரமோனாவா! நல்ல பேரு. எங்ககிட்ட ஒரு பசு இருந்துச்சு அந்தப் பேருல. ஐயோ, தப்பா எடுத்துக்காத, ரொம்ப நல்ல பசு அது.

அவரு வந்துடுவாரு. ஊத்து அறைக்குச் சாவி எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும்தான். காட்டுக்குப் போயிருக்காரு, காத்துல சாஞ்ச மரம் ரெண்டு கெடக்கு. நீ வந்து இறங்கினதுமே ஃபோன் அடிச்சேன், நீர்வள ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு ஓட்மார், ஊத்தை அளக்கணுமாம்னு. உம், வர்றேன்னாரு. அவ்வளவுதான். எப்பவுமே அப்படித்தான் அவரு, வார்த்தைக்கு ரேஷன் போட்ட மாதிரி. அவரு மிச்சம் பிடிக்கிறதையெல்லாம் நான் செலவு பண்ணிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள இந்த முள்ளங்கியைச் சாப்பிடு. இரு இரு, இப்பதான் உப்பு போட்டேன். கொஞ்சம் தண்ணி விட்டு அழட்டும், அழுதாத்தான் காரம் இறங்கும்.

ஊர்ல உன்னைப் பத்தித்தான் பேச்சு, தெரியுமா? நீ காரை நிறுத்தினப்போ எதிர் வீட்டு ஜன்னல்ல திரை ஆடுச்சே, பாத்தியா? இந்நேரம் ரொட்டிக் கடை வரைக்கும் போயிருக்கும். போகாம என்ன? நீ அளந்து பாத்துட்டு, இது போதாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஊத்து திரும்பி ஏறுற வரைக்கும் ஊர்க் கொப்பரைக்கு அடியில தீ கிடையாது. அடுத்த முறை யாரு வீடுங்குற? இந்த வீடுதான். அதான் பாரு, பெஞ்செல்லாம் தேய்ச்சுக் கவுத்து வெச்சிருக்கேன். முளைகட்டின பார்லி, மால்ட் மூட்டை, கொட்டாயில அடுக்கியாச்சு. பன்னிக்கறி புகைபோட ஆள் சொல்லியாச்சு.

நீ எந்தப் பக்கம்? பாசாவ் டவுனா? அப்ப உனக்கு எங்க வழக்கம் தெரிஞ்சிருக்காது. இந்த ஊர்ல கொப்பரை ஒண்ணுதான், ஊருக்கே பொது. காய்ச்சுற உரிமை வீட்டுக்கு உண்டு, ஆளுக்குக் கிடையாது. வீட்டை வித்தா உரிமையும் கூடவே போயிடும், கெணறு மாதிரி. முறை வெச்சுக் காய்ச்சுவோம். காய்ச்சின மால்ட் சாறை அவங்கவங்க நிலவறைக்குக் கொண்டு போய்ப் புளிக்க வைப்போம். யாரு வீட்டுப் பீர் தயாரோ அவங்க வாசல்ல நட்சத்திரம். அது தீர்ந்தா அடுத்த வீடு. இதுல லாபம் ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா முறை தவறிப்போச்சுன்னா அந்த வீட்டைப் பத்தி ஊர்ல பேசுற பேச்சு இருக்கே, சாவு விழுந்த வீட்டைக்கூட அப்படி பேச மாட்டாங்க.

அந்தக் காலத்துல காய்ச்சுறதுக்கு மொத நாள் தண்டோரா போடுவாங்களாம். நாளைக்குக் கொப்பரை ஏறுது, இன்னிக்கு எவனும் ஓடையில கால் கழுவக் கூடாதுன்னு. சிரிக்கிற! நெஜமாத்தாம்மா. அப்ப ஓடைத் தண்ணிதானே பீரு. அதுக்கப்புறம்தான் மேல ஊத்துக்கு அறை கட்டிக் குழாய் போட்டாங்க. குழாய் வந்ததோட பயமும் போச்சு.

உங்க ஆபீசுக்கு யாரோ ஃபோன் பண்ணாங்களாமே? பேரு சொல்லாம? சரி சரி, நீ சொல்ல வேண்டாம், நீ சொன்னா உன் வேலைக்கு ஆகாது. நான் ஊர்ல சொல்றதைச் சொல்றேன். பாதிப் பேரு லோரென்ஸ்தான்னு சொல்றாங்க. அடுத்த தெரு, தச்சு வேலை பாக்குறவன். அவன் ஆகஸ்டுலயே காய்ச்சி, மகள் கல்யாணத்தையும் முடிச்சிட்டான், இனிமே எவன் காய்ச்சினா என்ன காய்ச்சாட்டி என்னன்னு. மீதிப் பேரு, மியூனிக்லேர்ந்து வந்து வீடு வாங்கியிருக்காங்களே டாக்டர் புருஷன் பொஞ்சாதி, அவங்கதான்னு. அவங்க சேவல் கூவினதுக்கே போலீசுக்கு ஃபோன் பண்ணவங்க. நேத்து ரொட்டிக் கடையில அந்த டாக்டரம்மா வந்து நின்னாங்க பாரு, ஒருத்தி ரொட்டியை எடுத்துக் குடுக்காம கவுண்டர்ல விட்டெறிஞ்சா. பாவம், அந்தம்மாவுக்கு எதுக்குன்னே தெரியல. தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போச்சு.

இப்ப எடுத்துக்கோ முள்ளங்கி. எப்படி இருக்கு? ம்.

எவ்வளவு தண்ணி எடுக்குறோம்னு கேட்டல்ல? நான் சொல்றேன், என்னை மாட்டிவிடாத. ஒரு குடம் பீருக்கு ஏழெட்டுக் குடம் தண்ணி. ஜாடிக்குள்ள போறது அதுல ஒண்ணுதான். மீதி எங்க போகுதுங்குற? கழுவுறதுக்கும் ஆத்துறதுக்கும். எங்க ஊர் ஆம்பளைங்க வீட்டுல ஒரு தட்டைக் கழுவ மாட்டானுங்க. கொப்பரை வீட்டுக்குள்ள போயிட்டா ஆளே வேற. குழாயைத் திறந்துவிட்டுக் கொப்பரையைக் குளிப்பாட்டுவானுங்க பாரு, கல்யாணப் பொண்ணைக்கூட அப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை, அப்புறம் மோந்து பாத்துட்டு இன்னொரு தடவை. எவன் ரொம்ப நேரம் கழுவுறானோ அவன்தான் சுத்தக்காரன். லோரென்ஸ் காய்ச்சினா தெருவே நனையும். அதுல அவனுக்குப் பெருமை வேற.

ஆத்துறது அதுக்கும் மேல. கொதிக்கிற சாறு ஒரு குழாய்ல போகும், அதைச் சுத்தி ஊத்துத் தண்ணி ஓடும். சாறு ஆறிடும், தண்ணி சூடாயிடும். அந்தச் சுடுதண்ணி நேரா சாக்கடைக்கு. நல்ல தண்ணிம்மா! யாரு கையும் படாத தண்ணி! நான் பேசிப் பாத்தேன். எங்க கொட்டாயில ஒரு பால் தொட்டி சும்மா கெடக்கு, மாட்டை வித்ததுலேர்ந்து. பளபளன்னு எவர்சில்வர். அதைக் கொப்பரை வீட்டுப் பின்னாடி வெச்சு அந்தச் சுடுதண்ணியைப் பிடிச்சுக்கலாம், மறுநாள் அதுலயே எல்லாத்தையும் கழுவலாம், சூடு பண்ற விறகும் மிச்சம், ஊத்துக்கும் மூச்சு விட நேரம் கெடைக்கும்னேன். இதே மேஜையில சொன்னேன். என்ன சொன்னானுங்க தெரியுமா? ஏ சென்சி, பீருக்குப் பால் குடுக்கப் போறியான்னான் ஒருத்தன். மேஜையைத் தட்டிச் சிரிக்கிறானுங்க. லோரென்ஸ் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஓட்மார் சிரிக்கல. ஆனா சும்மா இருங்கடான்னும் சொல்லல. ஜாடிக்குள்ள பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. எங்களுக்கு அது பழக்கம். நானும் திருப்பிக் குடுத்தேன், உங்க மூளையையும் அதே மாதிரி ஒரு தடவை அலசுங்கடான்னு.

இந்த வருஷம் கோடை எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாததா? உங்க ஆபீஸ்ல அதானே வேலை. ஆனா நீ காகிதத்துல பாத்திருப்ப. பாலத்துக்குக் கீழ பாத்தியா? வரும்போது நின்னு பாக்கலியா? ஊத்துல மிஞ்சின தண்ணிதான் அந்த ஓடைக்கு. அங்க முத்துச்சிப்பி இருக்கு, கடல்ல இல்லாம ஓடைத் தண்ணியில வாழுற சாதி. ஆமா, கவர்மெண்டு ஆளுங்க அதைக் கணக்கு எடுக்க வருவாங்க, காக்கிக் கால்சட்டை போட்டுக்கிட்டு. ராஜா காலத்துல அதுல கை வெச்சவனுக்குத் தூக்குன்னு சொல்லுவாங்க. நூறு வருஷம் உசுரோட இருக்குமாம். அதுல சிலது எங்க மாமனாரைவிட மூத்தது, அவரைவிட மரியாதையானதும்கூட. மணல்ல பாதி புதைஞ்சு, வாயைக் கொஞ்சமாத் திறந்துக்கிட்டுத் தண்ணியைக் குடிச்சுத் துப்பிக்கிட்டு இருக்கும். ஒண்ணு ஒரு நாளைக்குத் தொட்டிக் கணக்குல தண்ணியைச் சலிச்சு விடும். எங்க கொப்பரையெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கணும்.

போன வாரம் கம்போஸ்ட் கொட்டப் போனப்போ எட்டிப் பாத்தேன். கரையோரம் இருந்ததெல்லாம் வெளிய நிக்குது. மணல் காஞ்சு போச்சு. நாலஞ்சு வாயைப் பொளந்துகிட்டு. உள்ள ஒண்ணுமில்ல. நான் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு இறங்கி, மூடியிருந்ததையெல்லாம் நடுவாந்திரத்துல கொண்டு போய் வெச்சேன். தொடக் கூடாதுன்னு சட்டமா? இருக்கட்டும். அதையும் சேத்துப் போடு என் மேல.

எங்க விட்டேன்? ஆங், கோல். ஊத்துக்கோல் பத்தி உனக்குச் சொல்லலியே. அதைச் சொல்லாம நீ அளக்கப் போகக் கூடாது.

ஓக் கட்டையில ஒரு கோல். ஆளைவிட உசரம், அடியில இரும்புப் பூண். யாரு செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. நடுவுல சுத்தி ஒரு கோடு வெட்டியிருக்கும். காய்ச்சுற அன்னிக்குக் காலையில கோல்காரர் ஊத்து அறையைத் திறந்து, கோலை அடி வரைக்கும் இறக்கி, நட்டமா நிறுத்தி எடுப்பாரு. அதை அப்படியே சொட்டச் சொட்டக் கொப்பரை வீட்டு வாசலுக்குத் தூக்கிட்டு வருவாரு. எல்லாரும் நிப்போம். காய்ச்சுற வீட்டுக்காரன் வந்து கோட்டை விரலால தொட்டுப் பாப்பான். நனைஞ்சிருந்தா தீ மூட்டலாம். காஞ்சிருந்தா, தொப்பியை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேச்சு கிடையாது, பேரம் கிடையாது. கோடு நனைஞ்சா காய்ச்சலாம், கோடு காஞ்சா காத்திருக்கலாம், அவ்வளவுதான் எங்க சட்டம்.

கோல்காரரை ஊரே கூடி எடுக்கும். பணக்காரனா படிச்சவனான்னு பாக்க மாட்டாங்க. பொய் சொல்லத் தெரியாத ஆளாப் பாத்து எடுப்பாங்க. ஓட்மாரை எடுத்தப்போ ஒருத்தன்கூட மறுத்துப் பேசல. சீட்டாட்டத்துல நல்ல சீட்டு வந்தா காது செவந்து போற மனுஷன், அவரு எங்க ஏமாத்தப் போறாருன்னு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் மறைக்கணும்?

ஆகஸ்டுல லோரென்ஸ் முறை. மகள் கல்யாணத்துக்கு வெச்ச பீரு. சம்பந்தி வீடு செக் பார்டர் தாண்டி, அவங்களும் பீர்ல பொறந்து வளந்தவங்க. எங்க ஊர்ப் பீரைக் குடிச்சுட்டு ஒரு வார்த்தை பேச மாட்டீங்கன்னு லோரென்ஸ் சவடால் விட்டு வெச்சிருக்கான். காலையில ஓட்மார் கோலைத் தூக்கிட்டு வர்றாரு. தூரத்துலேர்ந்தே தெரியுது, கோட்டுக்கு நாலு விரக்கடை கீழயே ஈரம் நின்னு போச்சு. லோரென்ஸ் விரலை வெச்சான். எடுத்தான். மறுபடியும் வெச்சான். எப்பவும் கத்துற ஆளு கத்தலன்னா பாக்கவே முடியாது. பின்னாடி அந்தக் கல்யாணப் பொண்ணு மால்ட் மூட்டை மேல உக்காந்துகிட்டு இருக்கு. ஓட்மார் எல்லாரையும் பாத்தாரு. நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பாப்போம்னாரு.

மறுநாள் கோடு நனைஞ்சிருந்துச்சு.

ஆமா. நனைஞ்சிருந்துச்சு. எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? மலைப் பக்கம் மழை பெஞ்சிருக்கும்னாங்க. எந்த மலையில? எந்த மழை? வானம் வெளுத்துப் போய் ரெண்டு மாசம். ஆனா எல்லாரும் ஆமாமா, நான்கூட மேகம் பாத்தேன்ங்குறாங்க. ஒருத்தன் இடி கேட்டேன்னான். லோரென்ஸ் தீயை மூட்டிட்டான். கல்யாணமும் ஜோரா நடந்துச்சு, அந்தச் செக் சம்பந்திங்க வாயையே திறக்கல, குடிக்கிறதுக்கு மட்டும்தான் திறந்தாங்க.

அதுக்கப்புறம் வரிசையா ரெண்டு வீடு. ரெண்டு தடவையும் கோடு நனைஞ்சுச்சு. நனையாம எப்படி? லோரென்ஸுக்கு நனைஞ்ச கோடு அடுத்தவனுக்கு எப்படிக் காயும்? அவன் கேட்க மாட்டானா, எனக்கு மட்டும் என்னய்யா ஓரவஞ்சனைன்னு? ஒரு தடவை ஆமான்னு சொன்ன வாயி இல்லன்னு சொல்றது லேசுப்பட்ட காரியமா?

பேனாவை வை ரமோனா. இது எழுதுறதுக்கு இல்ல.

இந்தா, இங்க பாரு. மேஜைக்குக் கீழயே வெச்சுப் பாரு, எதிர் வீட்டுத் திரை இன்னும் ஆடுது. என்னன்னு தெரியுதா? கட்டைத் துண்டுதான். ஓக். கறுப்பா இருக்குல்ல, கரி மாதிரி? காலங்காலமாத் தண்ணியும் இரும்பும் சேந்து ஊறினாத்தான் ஓக் இப்படிக் கறுக்கும். இந்த ஊர்ல இப்படிக் கறுத்த கட்டை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. விறகுக் கூடையில கெடந்துச்சு, லோரென்ஸ் காய்ச்சின அந்த வாரத்துல. பூணைக் கழட்டி, அடியில அறுத்துட்டு, பூணைத் திரும்ப மாட்டியிருக்காரு. கோல் குட்டையானா கோடு கீழ இறங்கும், தண்ணி தானாத் தொடும். புத்திசாலிதான். ஆனா பாரு, எரிக்க மனசு வரல. கூடையில போட்டு வெச்சா நான் பாக்காம அடுப்புல போட்டுடுவேன்னு நெனச்சிருக்காரு. நான் பாக்காம எதை அடுப்புல போட்டிருக்கேன்?

இல்ல, கேட்கல. எப்படிக் கேக்குறது? கேட்டா அவரு பொய் சொல்லணும், இல்ல நெஜம் சொல்லணும். ரெண்டுமே அந்த மனுஷனைச் சாகடிச்சிடும். ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. சாப்பாடு இறங்கல. ஊர்ல போய், கோலை வெட்டினது நான்தான்னு சொல்ல அவரால முடியல. அடுத்தது எங்க வீட்டு முறைங்குறப்போ, அந்தக் குட்டைக் கோலை வெச்சுத் தன் வீட்டுக்குக் கோட்டைக் காய வைக்கவும் முடியல. புது ஓக் கட்டையை ஒட்ட வைக்க முடியுமா? வெள்ளையாத் தெரியும்.

குடு அதை, ஏப்ரன்ல போட்டுக்கறேன். இது உனக்குக் காட்டத்தான், கொண்டுபோறதுக்கு இல்ல.

அதனாலதான் உங்க ஆபீசுக்கு நான் ஃபோன் பண்ணேன். இன்னும் கொஞ்சம் ரொட்டி எடுத்துக்கோ.

ஆமா, நான்தான். மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசினேனே, அந்தக் குரல்தான். உனக்கு ஜலதோஷமான்னு கேட்டாங்க எதிர்ல. நீயா அது? அட! ரொம்ப அக்கறையாக் கேட்ட.

காட்டிக் குடுக்குறேன்னு நினைக்கிறியா? இரு, முழுசாக் கேளு. எங்க ஆளுங்களே நிறுத்தினா ஒருத்தனுக்கொருத்தன் மூஞ்சியில முழிக்க முடியாது, ஏன் அன்னிக்கு அவனுக்கு நனைஞ்சுதுன்னு ஆரம்பிச்சுடும். நீ நிறுத்தினா அப்படி இல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து கவர்மெண்டைத் திட்டுவாங்க. அதுல அவங்களுக்கு ஒரு ஒத்துமை. ஓட்மாரும் திட்டுவாரு, ரேஷனை மீறித் திட்டுவாரு, திட்டிட்டு ராத்திரி தூங்குவாரு. எங்க வீட்டுலயே நிறுத்து. எங்க முறையிலயே போகட்டும், அப்பதான் வேற எவனும் வாயைத் திறக்க முடியாது. மால்ட் எங்கயும் ஓடிடாது. திரும்பக் காய்ச்ச விடுறப்போ, சாறு ஆத்துற தண்ணியைப் பிடிச்சு வெச்சுக் கழுவினாத்தான் அனுமதின்னு போடு. தொட்டி இங்க இருக்கு. நான் சொன்னா சிரிப்பு, நீ சொன்னா சட்டம்.

உன் சொந்த டேப்பை வெச்சு அள. கோலைப் பத்திக் கேக்காத. எழுதாத. கோல்னு ஒண்ணு இருக்குறதே உனக்குத் தெரியாது. அது முடியுமா உன்னால? நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல, தெரியாத மாதிரி இருக்கச் சொல்றேன். ரெண்டும் வேற வேறதானே? சரி, கிட்டத்தட்ட வேற.

அதோ, டிராக்டர் வந்துடுச்சு. பாத்தியா, நேரா வீட்டுக்கு வரல. கொப்பரை வீட்டுக்குள்ள போறாரு. எனக்குத் தெரியும் எதை எடுக்கப் போறாருன்னு. பாவி மனுஷன், காதைப் பாரு, இங்கேர்ந்தே செவப்புத் தெரியுது.

தண்ணியைக் குடிச்சு முடி.

ஓட்மார், பூட்ஸைக் கழட்டிட்டு வா, இப்பதான் தரையைத் தேய்ச்சேன். இதான் ரமோனா, பாசாவ் பொண்ணு. டேப் வெச்சிருக்கு, அதுவே அளந்துக்குமாம். சாவியை மட்டும் குடு. கோல் எதுக்கு இப்ப? வேண்டாம். அதை எங்கிட்டக் குடு. என்ன பாக்குற? ஒண்ணுமில்ல, குடுங்குறேன்.

விடு ஓட்மார். நான் பிடிச்சுக்கறேன்.